ஐந்தருவி வெள்ளமும் அருமைநாயகத்தின் வைராக்கியமும்

ஐந்தருவிப் பக்கம் பழக்கடை அருமைநாயகம் என்று கேட்டால் வழி சொல்லாத ஆட்டோக்காரன் கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன். தலைச்சுமையாகக் கொய்யா விற்று, மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு கட்டி, அப்புறம் மலையடிவாரத் தோட்டங்களையே காயும் பிஞ்சுமாகக் குத்தகை பிடித்து மேலே வந்தவர். தென்காசியில் அவர் கட்டிய மாடிவீட்டில் சர்க்கார் சல்லிக்காசு கலக்கவில்லை. ஊரெல்லாம் இலவசத் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போனபோது, வேண்டாம் என்று திருப்பிய வீடு அது. ரேஷன் அரிசி அந்த வாசற்படி ஏறியதில்லை.

“கர்த்தர் எனக்கு ரெண்டு கை தந்திருக்காரு. பெறகு எதுக்கு அடுத்தவன் கையப் பாக்கணும்? உழைக்காதவனுக்குச் சோறு கெடையாதுன்னு வேதத்துல பவுலே சொல்லிட்டாரு” என்பார்.

கஞ்சன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுக்கும் தசமபாகம் பிசகாது. சபைக் கோயிலின் அசன விருந்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, குழம்பில் கொதித்த முதல் கிடா அவருடையதாக இருக்கும். இல்லாதவனுக்கு இருக்கிறவன் கொடுப்பது வேதம். நடுவில் சர்க்கார் வந்து கொடுப்பது சோம்பேறித்தனத்துக்குப் போடும் தீனி. இதுதான் அவர் கட்சி.

அந்தக் கட்சிக்குப் போன சாரல் சீசனில் சோதனை வந்தது. மலையில் பெய்த மழை ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, தேவ கிருபை. ஆனால் ஓடையோரக் கடை வரிசை முழுவதையும், தகரமும் கம்புமாக, அடித்துக்கொண்டு போய்விட்டது. அருமைநாயகத்தின் பழக்கடையும் போயிற்று. அதை ஒட்டி மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஜெபமலரின் கடையும் போயிற்று. ஜெபமலர் புருஷனை இழந்தவள், அவருடைய சபைக்காரிதான்.

மறுநாளே அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியும் புது அடுப்பும் அனுப்பினார். அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிறந்தநாள், கல்யாணநாள் ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் பேர் சொல்லி வாசிக்கிற வழக்கம் உண்டல்லவா? “கடையிழந்த சகோதரி ஜெபமலருக்கு அருமைநாயகம் குடும்பத்தார் அரிசியும் அடுப்பும் உதவி” என்று அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் அத்தனை தலையும் அவளைத் திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமை விடியும்போது மூட்டையும் அடுப்பும் அவர் வீட்டுக் கேட்டருகே கிடந்தன.

அந்த வாரமே வெள்ள நிவாரணம் அறிவித்தார்கள். கடைகள் இருந்த தடமே இல்லாததால், கடைக்காரர் சங்கத் தலைவர் நேரில் நின்று, இன்னார் கடை இங்கே இருந்தது என்று கிராம அலுவலருக்குக் காட்ட வேண்டும். தலைவர் அருமைநாயகம்தான். தனக்கு எதுவும் வேண்டாம், அங்கே வரவும் மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அலுவலர் வருகிற அன்று காலையில் ஜெபமலர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கு வருவியளா, மாட்டியளா?”

“உள்ள வந்து பேசேன் தாயி.”

“இங்கனயே நிக்கேன்.”

“எதுக்கு நிவாரணம் நிவாரணம்னு அலையுதிய? கடை போட நான் தாரேன். எல்லாருக்கும் தாரேன். ஆண்டவர் எனக்கு ஒரு கொறையும் வைக்கல.”

“நீங்க தருவிய. பெறகு கோயில்ல வாசிப்பிய.”

அவருக்குச் சுருக்கென்றது. “நல்லது செஞ்சது நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான அவனும் செய்வான்?”

“வலது கை குடுக்கது இடது கைக்குத் தெரியப்பிடாதும்பாவ. ஒங்க வலது கை மைக் வச்சில்லா சொல்லுது! சர்க்கார் காசுக்கு வரிசையில நின்னாப் போதும் அண்ணாச்சி. ஒங்க காசுக்கு ஆயுசு பூரா தலையக் குனிஞ்சு நிக்கணும். இந்தச் சாரல்ல கடை போடலன்னா வருசம் பூரா நானும் பிள்ளையளும் என்ன செய்ய?”

“ஏட்டி, யாருகிட்டப் பேசுதன்னு தெரியுதா?”

“தெரிஞ்சுதான் பேசுதேன்.” போய்விட்டாள்.

அவரிடம் அப்படிப் பேசியவர் அதுவரை பிறக்கவில்லை. காப்பி இறங்கவில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

ஐந்தருவியில் மேகம் மலையை மூடிக் கிடந்தது. அருவித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. காவலர் விசில் ஊதி ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கிராம அலுவலர் சிவனணைந்தபெருமாள் குடையோடு ஓடையோரம் நின்றார், சுற்றிலும் கடைக்காரர்கள். அருமைநாயகம் பாலத்தருகே தள்ளியே நின்றார்.

“ஒங்க கடை எங்கனம்மா இருந்துச்சு?” என்று அலுவலர் கேட்டார்.

“பழக்கடைய ஒட்டி சார்” என்றாள் ஜெபமலர்.

“அது தலைவர் கடைலா? அவரு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. கணக்குப்படி அவருக்குச் சேதம் இல்லன்னா, ஒட்டியிருந்த ஒங்க கடை மட்டும் எப்பிடிம்மா போவும்? மேல கேட்டா நான் என்ன சொல்ல?”

“போச்சு சார்! எல்லாமே போச்சு!” திரும்பிப் பாலத்தருகே நின்றவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

விசில் விடாமல் ஒலித்தது. “எல்லாரும் மேல ஏறுங்க! தண்ணி வருது!” அலுவலர் தன் வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார். இன்னொரு நாள் வருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வியாபாரத்தில் ஏமாறாத மனுஷன் அருமைநாயகம். ஆனால் தான் பெருமையாகச் சொன்ன ‘வேண்டாம்’, உழைக்கிற ஒருத்தியைப் பொய்க்காரியாக்கும் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

“சார், நில்லுங்க!” ஈரப்பாறையில் சறுக்கிச் சறுக்கி இறங்கினார். “இந்தப் பாறையில இருந்து அந்தா அந்த மரம் வரைக்கும் என் கடை. ஒரு தகரம் மிஞ்சல. அடுத்தது இந்தப் பிள்ளைக்கு. அதுக்கு அடுத்து சொரிமுத்து இளநிக் கடை.” கடைசி வரைக்கும் சொன்னார். ஒரு கடை தப்பவில்லை.

“அப்ப ஒங்க பேரையும் எழுதவா தலைவரே?”

தூறல் மழையாயிற்று. “அண்ணாச்சி சர்க்கார் காசு வாங்கப் போறாவளாம், அதாம்லே வானம் பொத்துக்கிட்டு ஊத்துது” என்றான் சொரிமுத்து.

“எழுதாட்டா?” என்று தலைவர் அலுவலரைக் கேட்டார்.

“எழுதாட்டா பக்கத்துக் கடையும் சந்தேகந்தான்.”

அருமைநாயகம் ஜெபமலரைப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தே சொன்னார். “எழுதுங்க.”

“மேல நிழற்கொடையில வச்சு எழுதுதேன், வரிசையா வாங்க. ஆதார் நகல் இருக்குல்லா?”

அவர் விழித்தார். ஆதார் அட்டை சட்டைப்பையில் இருந்தது, நகல் இல்லை. எந்த வரிசையிலும் நின்றறியாத மனுஷனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

ஜெபமலர் சிரிக்கவில்லை. “மேல ஜெராக்ஸ் கடை இருக்கு அண்ணாச்சி. ஓடிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒங்க எடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

வாங்கிப் பழக்கமில்லாத வாய். “சரி தாயி” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் மேடேறினார். அறுபதைத் தாண்டிய ஆள். முன்னால் போன இளவட்டங்கள் ரெண்டு பேரை முந்திக்கொண்டு போனார்.