அம்மா போன ரோடு

சேலம் போகும் மலைரோட்டில் ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்து என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் செத்தார்கள். அவர்கள் மகளுக்கு ஏழு வயது. மலைமேல் தலைச்சோலையில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பக்கம் காப்பிப்பழம் பறிக்கும்போது மேகம் இறங்கினால் அடுத்த வரிசை ஆள் தெரியாது. அதனால் அடிக்கடி "ஓ" என்று கூவுவோம். பதில் கூவல் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவள் அம்மா கூவினால் இவள் எந்த மூலையில் இருந்தாலும் பதில் கொடுப்பாள். நான் கூவினால் வெள்ளை மேகத்துக்குள் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சட்டம் இருக்கிறது என்றார் பள்ளிக்கூட டீச்சர். மனசு ஆற்றுவதற்கு ஆள் வைப்பார்கள், படிப்புக்கு உதவுவார்கள், நானே வளர்க்க உத்தரவும் கொடுப்பார்கள். ஆனால் யாரோடு இருக்க ஆசை என்று பிள்ளையே சேலத்தில் குழந்தைகள் நலக் குழு முன்னால் சொல்ல வேண்டுமாம். பேசாத பிள்ளை எப்படிச் சொல்லும்? சட்டம் எழுதியவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. சொல்லாவிட்டால் விடுதியில் போட்டுவிடுவார்களோ என்று பயம் வேறு.

அந்த வளைவை அவள் பார்க்க வேண்டாம் என்று குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். முதல் தடவை அவள் வாயே திறக்கவில்லை. மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி கேட்டாள்:

"ஏனுங்க, புள்ளைய ஆஸ்டல்ல தள்ளப் போறீங்களா?"

"உங்க புள்ளையத் தள்ளுங்க, எடம் காலியா இருக்குது" என்றேன்.

குழுவில் இருந்த ஒரு அம்மாள் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "கண்ணு, உனக்கு எங்க இருக்கப் புடிக்கும்?" என்றார்.

"அத்தை ஊட்ல."

அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா குப்பனூர் ரோட்ல போக மாட்டேன். அம்மா ரோட்ல போலாம்."

"எதுக்கு சாமி?" என்றார் அவர்.

"அம்மா அங்க கூவிட்டே இருக்கும். நாங்க பதிலே குடுக்கல."

நல்லது செய்கிறோம் என்று இரண்டு தடவையும் அவளைச் சுற்று வழியில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. என்னோடு இருக்கலாம் என்று உத்தரவு எழுதினார்கள். மனசு ஆற்றும் டாக்டரம்மாவைப் பார்க்கவும் எழுதினார்கள்.

திரும்பும்போது அவள் சொன்ன ரோட்டில் போகும் பஸ்ஸிலேயே ஏறினோம். பாதி மலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. மரங்கள் மிதந்துகொண்டு பின்னால் போயின. வளைவு வந்ததும் அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து "ஓ" என்று கூவினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவள் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, நீங்களும் கூவுங்க."

கூவினேன்.