ஐந்துக்கு நாலு

மலையே இல்லாத டென்மார்க்கில் இருந்துகொண்டு, நோர்வே மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்று போனில் சொல்வதுதான் என் வேலை. ஜிம்னேசியம் என்கிற மேல்வகுப்புப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபிறகு, பிரெடெரிசியாவில் பனிச்சறுக்குப் பயணம் விற்கும் ஒரு சின்ன கொம்பனியில் கிடைத்தது. போனில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், "ஹலோ" சொல்லும்போதே எங்களைக் கள்ளர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கம்பு

தினமும் காலையில் மலையிலிருந்து அளவு வரும். அடிவாரத்தில் நாற்பது சென்ரிமீற்றர், உச்சியில் நூற்றிருபது. ஒரு டெனிஷ் மனுசி யார் அளந்தது என்று கேட்டா. யாரோ கம்பு குத்திப் பார்த்திருப்பார்கள் என்றேன்.

"அந்தக் கம்பைப் பிடிச்சது ஹோட்டல்காரனோ?"

கேட்டால் மட்டும்

பனிச்சரிவு ஆபத்துக்கும் ஒரு நம்பர் வரும், ஒன்றிலிருந்து ஐந்து வரை. அந்தக் கிழமை புயல். பழைய பனிக்கு மேல் காற்று புதுப்பனியைக் குவித்து, நம்பர் நாலுக்கு ஏறிவிட்டது. ஒரு ஆள் மிதித்தாலே சரிவில் கிடக்கும் பனி முழுக்க இறங்கலாம். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். இரண்டு பேர் பயணத்தை நிறுத்தினார்கள். முதலாளி ஹென்ரிக் கோப்பியோடு வந்து பக்கத்தில் நின்றார். அன்றைக்கு எனக்கே கொம்பனி மேல் சந்தேகம் வந்தது.

"அந்த நம்பரை அவங்கள் கேட்டால் மட்டும் சொல்லு."

நல்ல மார்க்ஸ்

பிராண்டேயில் காற்றாலை ஃபக்டரியில் வேலை செய்யும் ஒரு தமிழ் அங்கிள், எங்களிடம் எடுத்த மலைவீட்டிலிருந்து போன் பண்ணினார். வீட்டுக்குப் பின்னால் ஆள் இல்லாத சரிவாம். விடியப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சறுக்குப் பலகையோடு கூட்டிப் போகப்போகிறாராம். பனிச்சரிவுக்கு எனக்குத் தெரிந்தது "லவீன" என்ற டெனிஷ் சொல்தான், அது அவருக்கு விளங்கவில்லை, தமிழ்ச்சொல் என் வாயில் வரவில்லை. "அங்கிள், பனி அஞ்சுக்கு நாலு" என்றேன்.

"நாலோ? நல்ல மார்க்ஸ்தானே பிள்ளை! என்ர மகனுக்கு இப்பிடி வந்தால் காணும்."

கூடக் கூடக் கூடாது

அவர் வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மூன்று தரம் அடித்தேன், நாலாவது தரம் எடுத்தார். "அங்கிள், அது மார்க்ஸ் இல்லை. கூடக் கூடக் கூடாது. மலையில கிடக்கிற பனி பிள்ளையளுக்கு மேல வந்து விழும்." அவரோ, பள்ளிக்கூட நேரத்தில் போனில் என்ன செய்கிறீர் என்று கேட்டார். விட்டிட்டன் என்றேன். பொய் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"பள்ளிக்கூடத்தை விட்ட நீரோ எனக்கு மார்க்ஸ் படிப்பிக்கிறீர்? ஆரின்ர மகள் நீர்?"

அஞ்சு விரல்

அடுத்த இரண்டு நாளும் புயல். அவருடைய போன் வேலை செய்யவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவரோ என்று பாய்ந்து எடுத்தேன். மூன்றாம் நாள் அவரே போன் பண்ணினார். நான் சொன்னதற்கு அடுத்த நாள் விடிய, போகமுதல், சறுக்குகிறவர்களை மலைக்கு ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிறவனிடம் அந்தச் சரிவைக் காட்டி, அஞ்சு விரலை விரித்து, ஒன்றை மடக்கிக் காட்டினாராம். அவன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பினானாம். மத்தியானம் அந்தச் சரிவில் கிடந்த பனி தானாகவே இறங்கியதாம். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீர் பொய் சொல்லுறீர் எண்டு பிடிக்கத்தான் பிள்ளை, அவனிட்டைக் கேட்டனான்."

அன்றிலிருந்து, நான் சொல்வதை உடனே நம்புகிற ஆட்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.