புதிய குரலின் நிறம்

பால்மா டின்னின் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன்மேல் சாயம் தோய்த்த ரவையைத் தூவி, பக்கத்தில் செருகிய குழாயை என் வாயருகே நீட்டினார் எங்கள் பாடசாலையின் சித்திர டீச்சர்.

"பாடுங்க டீச்சர்."

ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தேன். சிதறிக் கிடந்த ரவை ஓடிச் சேர்ந்து வளையமாக நின்றது. சுரத்தை உயர்த்தியதும் வளையம் உடைந்து பூவாயிற்று. எத்தனையோ வருடம் சங்கீதம் படிப்பித்தும் என் குரலை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பலாபத்வலையில் பெரிய வீதியோரம் அவருடைய வீடு. லொறி போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்து ரவை குதிக்கும். அதையும் விடமாட்டார், ரவை காட்டும் சத்தங்களைப் பார்த்து அவர் வரையும் படத்தின் அடியில் மங்கிய காவியாக அது படுத்திருக்கும். அவர் படங்களில் மரமோ முகமோ கிடையாது. நிறங்கள் மட்டும், ஒன்றையொன்று நெருக்கியும் விலகியும். ஒரே சிவப்பு, பச்சைக்குப் பக்கத்தில் ஒன்றாகவும் சாம்பலுக்குப் பக்கத்தில் வேறொன்றாகவும் தெரியும், சத்தமும் அப்படித்தான் என்பார். ஆசிரியர் அறையில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் கவலைப்பட்டதில்லை.

அந்த வருடம் என் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கண்டியில் வெட்டி எடுக்க வேண்டுமென்றார்கள். குரல் பழையபடி வருமென்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கேள்விப்பட்டதும் டீச்சர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, நோகாத அளவுக்குப் பாடச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்பே என் குரலின் படம் முடிந்துவிட்டது. மஞ்சளும் நீலமும் விளிம்பில் நடுங்குகிற பெரிய படம்.

கட்டி போனது. குரலும் போனது. திரும்பி வந்தது கரகரத்த வேறொன்று. மேல் ஸ்தாயி எட்டவேயில்லை. சங்கீத அறைக்குப் போகப் பயந்து லீவை நீட்டிக்கொண்டே போனேன். அந்தப் படத்தை நினைத்தாலே செத்துப்போனவளின் போட்டோ மாதிரி இருந்தது.

ஒரு பின்னேரம் டீச்சர் டின்னோடு வந்து நின்றார். முடியாதென்றேன். அவர் போகவில்லை. கடைசியில் கோபத்தில்தான் பாடினேன். ரவை ஓரங்களுக்கு ஓடி, நடுவில் பிளந்து, எனக்குத் தெரியாத ஓர் உருவத்தில் நின்றது.

"போயிருச்சு, பாத்தீங்களா?" என்றேன்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அது போயிருச்சு. இது இப்பதான் வந்திருக்கு. கொஞ்சம் புடிச்சு வைங்க, நிறம் பாக்கணும்."

அவர் ஆறுதல் சொல்ல வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த உருவம் அவருக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. மூச்சு முட்டும்வரை பிடித்து வைத்தேன்.

அடுத்த கிழமை வேலைக்குப் போனேன். இப்போது கீழ்ச்சுருதியில் பாடிக் காட்டுகிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு என் பழைய குரல் தெரியாது. டீச்சர் ஓய்வு பெற்றுக் கலேவெலையில் மகளோடு இருக்கிறார். முதல் படத்தை ஒருவர் விரும்பிக் கேட்டபோது, கொடுக்கலாமா என்று என்னிடம் விசாரித்தார். சரியென்று சொல்ல எனக்குக் கஷ்டமாயிருக்கவில்லை. இரண்டாவது படம், செங்கல் நிறமும் கரும்பச்சையும், என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. காலையில் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் சாதகம் செய்கிறேன்.