லஸ்கர் வீட்டுத் தாசில்தார்

கண்ணுசாமி எலுமிச்சை மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மரத்தடியில் நாய்க்குட்டி மோந்து மோந்து சுற்றியது. யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு வராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மணி காலை ஐந்து நாற்பது. வலது கையில் ஒரு பிடி பொட்டுக்கடலை, இடது கையில் செல்போன் வெளிச்சம். பின்னால் சத்தம் கேட்டு அடங்கிய பிறகுதான் திரும்பினார். குனிந்து, "அப்படித்தாண்டா ராசா" என்று இரண்டு கடலையை நீட்டினார். உள்ளே போனதும் கொல்லைக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் நேரத்தை எழுதினார். அந்தக் கதவு முழுக்க எண்கள்தான். தண்ணீர் குடித்தது எப்போது, சோறு தின்றது எப்போது, வெளியே போனது எப்போது.

நான் அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார், தனி ஆள். என் அடுப்படி ஜன்னலில் நின்றால் அந்தக் கொல்லை முழுசும் தெரியும். காபி ஆற்றும் நேரத்தில், ஐம்பத்தேழு வயது மனிதர் நாய் மூத்திரத்துக்காகத் தவம் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சலும் வந்தது. அந்தக் குட்டி என் ஸ்கூட்டியின் முன் சக்கரம் தன்னுடையது என்று முடிவுசெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கண்ணுசாமி லஸ்கர். கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிந்து ஒரத்தநாட்டுப் பக்கம் போகும் ஒரு வாய்க்காலில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் இந்த வாய்க்காலுக்கு ஆறு நாள், அடுத்த வாய்க்காலுக்கு ஆறு நாள் என்று முறை வைத்து விடுவார்கள். அந்த முறையை அவர் ஒரு மணி நேரம்கூட நகர்த்தமாட்டார். போன வருஷம் கதிர் வரும் நேரத்தில் நாற்பது பேர் கூடி, ஷட்டரைத் தூக்கு என்று சத்தம் போட்டார்கள். இவர் ஷட்டர் மேடையில் ஏறி உட்கார்ந்தார், திருகுகிற கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். "சத்தம் போடுங்க, வேணாங்கல. நம்ம முறை நாளன்னிக்கு. காலையில ஆறு மணிக்குத் தூக்குவேன்" என்றார். நாலு மணி நேரம் கழித்துக் கூட்டம் தானாகக் கலைந்தது. சொன்ன நாளில், சொன்ன மணிக்குத் தூக்கினார்.

இருபத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவர் தாமதமாகத் தூக்கியிருக்கிறார். இந்த ஆனி மாதம் தண்ணீர் வந்த அன்று, காய்ந்து கிடந்த மதகுக் குழாய்க்குள்ளிருந்து முனகல் கேட்டது. குப்புறப் படுத்து, பத்து நிமிஷம் கையை விட்டுத் துழாவி இழுத்தார். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி அம்சம் கேட்ட முதல் கேள்வி, "ஆணா, பொட்டையா?" ஆண் என்றதும் சமாதானமானார். வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போட்டு வீட்டை நிறைக்காது, தொல்லை இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

முதல் மாதம் அது கூடமெல்லாம் குட்டை தேக்கியது. கண்ணுசாமி அசரவில்லை. "தண்ணி எப்ப உள்ள போச்சுன்னு தெரிஞ்சா, எப்ப வெளிய வரும்னு தெரிஞ்சிடும் சார். வாய்க்காலுக்கே பாக்குறோம், இவனுக்குப் பாக்கக்கூடாதா?" என்று அதற்கும் முறை வைத்தார். தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, தின்று கால் மணியில் ஒரு தடவை, விளையாடி ஓய்ந்ததும் ஒரு தடவை. ஐந்தே வாரத்தில் குட்டை நின்றது. டீக்கடையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

புரட்டாசியில் குட்டி காலைத் தூக்க ஆரம்பித்தது. இது வேறு விவகாரம். அவசரம் கிடையாது. நாலே சொட்டு, ஆனால் நிமிர்ந்து நிற்கிற எல்லாவற்றின் மேலும். பீரோ கால், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, என் ஸ்கூட்டி. "பாக்குற எடத்துலல்லாம் கையெழுத்துப் போடுது, பெரிய தாசில்தாரு" என்றார் அம்சம். அதுவரை 'டேய்' என்று கூப்பிடப்பட்ட குட்டிக்கு அன்று முதல் அதுவே பெயர்.

தாசில்தாரின் கையெழுத்து கடைசியில் தொட்டில் ஸ்டாண்டில் விழுந்தது. மகள் செம்மொழி பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கூடத்தில் நிறுத்திய இரும்பு ஸ்டாண்டு அது. ஈரத்தைப் பார்த்த அம்சம் அன்று சத்தம்கூடப் போடவில்லை. "புள்ள தவழப்போற தரைங்க இது. புள்ள வீட்டுக்குள்ள வர்ற அன்னிக்கு வரைக்கும்தான் தவணை. அதுக்குள்ள நிக்கலன்னா நாய ரெத்தினம் வண்டியில ஏத்தி விட்டுடுவேன்" என்றார். ரெத்தினம் அவருடைய தம்பி, வேன் ஓட்டுகிறார். சீர்காழிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் காவலுக்கு நாய் கேட்கிறார்கள், பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் என்று தகவல் சொன்னவரும் அவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் தன் வேனில் கொண்டுவந்து விடுவது, திரும்பும்போது நாயை ஏற்றிக்கொண்டு போவது என்று பேச்சு முடிந்தது. அம்சம் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் மனசுக்குள் கைதட்டினேன், மறைப்பானேன்.

கண்ணுசாமியின் பிடிவாதம் இரட்டிப்பானது. கதவில் இடமில்லாமல் எண்கள் சுவருக்கு இறங்கின. ஈரம் கண்ட இடத்தை ஒரு நாளும் அவர் அப்படியே விட்டதில்லை. எதிர்வீட்டு மாட்டின் கோமியத்தைச் சொம்பில் பிடித்துவருவார். அம்சம் தாராளமாகத் தெளித்துத் தேய்ப்பார். எங்கள் ஊரில் எந்த அசுத்தத்துக்கும் அதுதான் மருந்து. அதிலும் பிள்ளை பிறக்கப்போகும் வீடு. ஆனால் மறுநாள் தாசில்தார் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பான். ஒரு நாள் கண்ணுசாமி பொறுமை இழந்து, பேப்பரைச் சுருட்டி ஓங்கி ஒன்று வைத்துவிட்டார். குட்டி சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கி நடுங்கியது. அன்று அவர் சாப்பிடவில்லை என்று அம்சமே வந்து என்னிடம் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை என் ஸ்கூட்டியிலேயே பின்னால் உட்கார்ந்து, குட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் இர்ஃபானா நிதானமாகப் பரிசோதித்தார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்லீங்க. வயசுக்கு வர்ற ஆண் குட்டி, இது என் எடம்னு அடையாளம் வைக்கிறான். கொஞ்ச நாள்ல கருத்தடை பண்ணிட்டா பெரும்பாலும் கொறையும். மீதி உங்க கையிலதான் இருக்கு. ஈரம் பட்ட எடத்த எத ஊத்திக் கழுவுறீங்க?"

"கோமியங்க. சுத்தமான கோமியம். ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார் கண்ணுசாமி, பாராட்டை எதிர்பார்த்து.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நமக்கு அது சுத்தம். இவன் மூக்குக்கு அது வேற யாரோ வந்து பேஞ்சிட்டுப் போன எடம். அதான் அதுக்கு மேல தன்னோடத வைக்கிறான். நீங்க தெளிக்கத் தெளிக்க இவன் வந்துகிட்டேதான் இருப்பான்."

கண்ணுசாமி குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நாந்தான் தெனம் இவனக் கூப்பிட்டு விட்டிருக்கேன்" என்றார். "கூப்பிட்டும் விட்டு, அடிச்சும் புட்டேன்." அதுவரை அந்த நாயின் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

வீட்டில் அம்சம் மசியவில்லை. "கோமியம் தெளிக்காத பிரசவ வீடா? நல்லா இருக்குதே நீங்க பேசுறது!" கண்ணுசாமி வாதம் செய்யாமல் கூடத்தின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "சாமி மாடத்துல தெளி. வாசல்ல தெளி. கூடத்துல மட்டும் வேணாம். தரைய நான் கழுவுறேன், நீ மோந்து பாரு. நாத்தம் அடிச்சா அன்னிக்கே அனுப்பிடு." இதையே மூன்று தடவை, ஒரே குரலில் சொன்னார். அம்சம் கடைசியில் தலையாட்டினார். முப்பது வருஷமாகத் துடைப்பத்தைத் தொடாத மனிதர் தரை கழுவுவதைப் பார்க்கவாவது ஆசைப்பட்டிருப்பார்.

பார்த்தார். கண்ணுசாமி பீரோவை நகர்த்தி, மூட்டையை மாற்றி, தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி, அப்புறம் டாக்டர் சொன்னபடி வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தார். தொட்டில் ஸ்டாண்டைத் தனித்தனியாகக் கழற்றி வாய்க்காலில் அலசினார். என் ஸ்கூட்டிச் சக்கரத்துக்கும் அந்த உபசாரம் நடந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. குட்டியின் முறை நேரம் வந்தால் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு ஷட்டரிலிருந்து வீட்டுக்குச் சைக்கிள் மிதித்து வருவார், குட்டியைக் கொல்லையில் விட்டு எடுப்பார், திரும்ப மிதிப்பார். பீரோ பக்கம் அது மோந்து சுற்றத் தொடங்கினால் அதட்டமாட்டார். ஒரு தடவை கைதட்டி, அது திடுக்கிட்டு நிமிர்ந்ததும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடுவார். அவருக்கு மூட்டுவலி உண்டு. அந்த ஓட்டத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

நாலாம் நாள் அரிசி மூட்டையில் ஒரு தடவை தவறியது. அதையும் மறைக்காமல் எழுதினார். "கரையில ஒடப்பு ஒண்ணு சார். அடைச்சாச்சு." அதன்பிறகு ஏழு நாள் வீடு காய்ந்து கிடந்தது. இதற்கிடையில் செம்மொழிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் புது ஆளும் புது வாசனையும் வீட்டுக்குள் வரும்போதுதான் நாய் மறுபடியும் காலைத் தூக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த நாளுக்காகத்தான் கண்ணுசாமி உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்.

வேன் வந்து வாசலில் நின்றது. ஆலம் சுற்றித் தாயையும் பிள்ளையையும் உள்ளே அழைத்தார்கள். ரெத்தினம் சாக்கும் கயிறும் தயாராக வைத்திருந்தார். நாயைக் கொல்லையில் கட்டிப்போடும்படி அம்சம் காலையிலேயே சொல்லியிருந்தார். கண்ணுசாமி நேரே போய் அவிழ்த்துக் கூடத்துக்குள் விட்டார். "கட்டிப்போட்டுட்டு நிறுத்திட்டான்னு சொன்னா அது பொய்யில்ல? அவுத்து விட்டே பாப்போம்" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். செம்மொழி குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

தாசில்தார் ஆஸ்பத்திரிப் பையை மோந்தான். பிளாஸ்டிக் கூடையை மோந்தான். தொட்டில் ஸ்டாண்டின் காலைச் சுற்றி ஒரு தடவை வந்தான், இன்னொரு தடவை வந்தான். அம்சம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கண்ணுசாமியால் கைதட்டவும் முடியாது, இரண்டு கையிலும் பேத்தி. குட்டியின் பின்னங்கால் லேசாக அசைந்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, ஸ்டாண்டை விட்டு விலகிக் கொல்லைக் கதவுக்குப் போய் நின்று சுரண்டியது. திரும்பிக் கண்ணுசாமியைப் பார்த்து முனகியது.

"செம்மொழி, புள்ளையப் புடிம்மா, புடிம்மா, அவனுக்கு நேரமாச்சு" என்று அவர் எழப் பார்த்தார். மூட்டு இடம் கொடுக்கவில்லை.

"ஒக்காருங்க. தலை நிக்காத புள்ளைய வச்சுகிட்டு எந்திரிக்கிறாரு" என்று அம்சம் அதட்டினார். தானே போய்க் கதவைத் திறந்தார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குட்டியின் பின்னாலேயே தூறலில் இறங்கினார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு ரெத்தினம் சாக்கோடு வந்தார். "மழை வலுக்குது. ஏத்திடலாமாக்கா?"

தாசில்தார் வேலியோரம் பூவரசில் காலைத் தூக்கி நின்றிருந்தான். அம்சம் அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, போ என்று தம்பியை நோக்கிப் புறங்கையை வீசினார்.