கைகாட்டி எறங்கிருச்சு

பேய், பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, சலிப்பில். ஜின் உண்டு என்று திண்டுக்கல்லில் எங்கள் பேகம்பூரில் பெரியவர்கள் சொல்வார்கள், மார்க்கத்தில் உள்ளதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்கு என் வீட்டில் வந்து என்ன வேலை இருக்கப் போகிறது என்று நினைப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இதையே நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டேன். மதுரையில் ஒரு பட்டறையில் தோல் வெட்டுகிறேன், பை, பெல்ட், மணிபர்ஸ் செய்கிற இடம். அந்த வேலையில் முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான். பளபளப்பைப் பார்த்துத் தோலை எடுக்காதே, திருப்பிப் பார். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டெல்லாம் பின்பக்கம்தான் தெரியும். அந்தப் பழக்கம் எனக்கு மனிதர்களிடமும் வந்துவிட்டது. வாய் திறந்து கேட்கக் கூச்சம், ஆனால் மனதுக்குள் எல்லாரையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடம் வாடகை வீடு. என் மனைவி ஜரீனாவுக்கு ஒரே ஆசைதான், யாரையும் கேட்காமல் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும். ஒரு தடவை காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கு வீட்டுக்காரர் வந்து நின்று, அதைப் பிடுங்கி ஓட்டையை அடைக்கச் சொன்னார். பிடுங்கிய ஆணியை ஜரீனா முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் நான்கு வீடு மாறினோம், அந்த ஆணியும் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் கிடந்து கூடவே வந்தது. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, இனி உங்கள் சம்பாத்தியம் எனக்கு, ஒரு வீடு பாருங்கள் என்றாள்.

தரகர் அந்தோணி காட்டியதுதான் கொடைரோட்டு வீடு. ஸ்டேஷனுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, பிற்பாடு கைமாறிக் கைமாறித் தனியாருக்கு வந்தது. சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழக் கனம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்தத் தெருவே காலையில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ரயிலேறிப் போய்விட்டு ராத்திரிக்குத் திரும்புகிற தெரு. எனக்கும் அது தோதுதான்.

ஆனால் அந்தோணி சொன்ன நிபந்தனைதான் எனக்கு உறுத்தியது.

"ஆறு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க பாய். பிடிச்சா கிரயம் பண்ணுவோம். பிடிக்கலையா, சாவியக் கையில குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருங்க."

இப்படி எவன் வீடு விற்பான். பக்கத்து வீட்டுக்குச் சொல்வதைவிட விலையும் குறைவு. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பின்பக்கம் இவ்வளவு சுத்தமான தோலை நான் பார்த்ததில்லை, அதுவே ஒரு சந்தேகம். ஜரீனா அதற்குள் அடுப்படியில் எந்த டப்பாவை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

குடிவந்த முதல் வாரத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. என் ரயில் ஏழு நாற்பதுக்கு. முன்கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வரும்.

"கைகாட்டி எறங்கிருச்சு."

கத்துகிற சத்தம் இல்லை, கையில் வேலையாக இருக்கிற ஒரு பெண் போகிற போக்கில் சொல்வது மாதிரி. நான் கையைக் கழுவி, "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். நான் பிளாட்பாரத்தில் கால் வைக்க வண்டி உள்ளே வரச் சரியாக இருக்கும். வண்டி அரை மணி நேரம் தாமதம் என்றால் சத்தமும் அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். ஜரீனா சன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துச் சொல்கிறாள், சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் தெரியாதா என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கைகாட்டி என்றால் இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் சிக்னல் என்பது உயரமான கம்பம், உச்சியில் இரும்புக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், வண்டி வரலாம் என்றால் அந்தக் கை இறங்கும். அதெல்லாம் போய் சிவப்பு, பச்சை விளக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் அடுப்படிச் சன்னலில் நின்றால் அறுத்துவிட்ட பழைய கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் கருவேலஞ்செடிக்கு நடுவில் தெரியும்.

மூன்றாவது மாதம் ஜரீனாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் திண்டுக்கல்லில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து நேற்று வாங்கிய பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். சத்தம் வந்தது. கையைக் கழுவினேன், போயிட்டு வாரேன் என்றேன், செருப்பை மாட்டி வாசலைப் பூட்டினேன். பூட்டும்போதுதான் உறைத்தது, உள்ளே ஆள் இருந்தால் நான் ஏன் பூட்டுகிறேன் என்று.

வண்டி வந்துவிட்டது. ஏறிவிட்டேன். மதுரை வரைக்கும் கதவோரம் நின்றே போனேன். அன்றைக்கு இரண்டு தோலைத் தப்பாக வெட்டினேன்.

எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தேகம். யாரோ விளையாடுகிறார்கள். மத்தியானம் அந்தோணிக்குப் போன் போட்டு, வண்டி வரும்போது அடுப்படியில் ஒரு குரல் கேட்கிறதே என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"யாரு சொன்னா? அந்த டீச்சரம்மாவா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அப்புறம் சிரித்தார். "ரயில் வருதுன்னு கரெக்டா சொல்லுற பேய் இருந்தா ரயில்வேக்காரனே வந்து வாங்கிட்டுப் போயிருவான் பாய். அந்தம்மா தன் மகனுக்கு அந்த வீட்டைக் கேட்டுக்கிட்டு இருக்கு. ரெண்டு தடவை வெல கேட்டுருச்சு. நீங்க காதுல வாங்காதீக."

டீச்சரம்மா என்றது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரை. ரிட்டயர் ஆகி வெகுநாள் ஆனவர், மெலிந்த உடம்பு, எப்போதும் கையில் ஏதாவது கீரை. சாயங்காலம் வந்து, அவர் வீட்டுக் கேட்டுப் பக்கம் நின்று, எங்கள் வீட்டில் முன்னாடி யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஏன் தம்பி, அந்தோணி சொல்லலையா? அவன் எதைத்தான் சொல்லிருக்கான்" என்றவர் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னார். "மதுர லோகோ ஷெட்ல வேலை பாத்தவரு ஒருத்தரு. அவரு சம்சாரம் அடுப்படி சன்னல்ல நின்னு கைகாட்டியப் பாத்துக்கிட்டே இருக்கும். எறங்குனதும் ஒரு சத்தம் குடுக்கும். அவரு போயிட்டு வாரேன்னு ஓடுவாரு. எங்களுக்கெல்லாம் அதான் பள்ளிக்கூடத்துக்குக் கெடியாரம். ஒருநா ரெண்டு பேருக்கும் என்னமோ சண்டை. அது சத்தம் குடுத்துச்சு. அவரு சொல்லாமப் போயிட்டாரு. அம்புட்டுதான்."

"அடிபட்டுட்டாரா டீச்சர்?"

"அதெல்லாம் இல்ல. வேலைக்கும் போகல, எங்கயும் போகல, திரும்பவும் வரல. கைகாட்டியப் பிடுங்கி லைட்டு போட்ட பெறகும் அந்தப் பொம்பள கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. கடைசில பெரியாஸ்பத்திரில போயி முடிஞ்சுச்சு." கீரையை உருவுவதை நிறுத்தினார். "நீங்க பதில் சொன்னீங்களா தம்பி?"

குரல் கேட்டதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ன பதில்?" என்றேன்.

"இதுக்கு முன்னாடி இருந்தவுக யாரும் சொன்னதில்ல. சொல்லாமத்தான் காலி பண்ணிட்டுப் போனாக."

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டோம், போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வோம். திரும்பி வருவேன் என்பதற்கு அது ஒரு வாக்கு. இழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். சாயபு வீடானாலும் டீச்சர் மாதிரி வேதக்காரர் வீடானாலும் இது ஒன்றுதான். மூன்று மாதமாகத் தினமும் நான் யாருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது தோன்றியது.

ஆனாலும் நான் விடவில்லை. டீச்சருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர், நான் பேசுவது அவருக்குக் கேட்டிருக்கலாம், அவரே கூடச் சத்தம் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குப் போவதையும், வீடு பூட்டியிருப்பதையும் கண்ணால் பார்த்தேன். பிறகு அடுப்படியில் போய்ச் சன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். வரட்டும் பார்க்கலாம் என்று.

சத்தம் அடுப்படியில் வரவில்லை. கூடத்திலிருந்து வந்தது. நான் தினமும் உட்காருகிற பாய் இருக்கிற இடத்திலிருந்து. என்னைத் தேடிப் போய் அங்கே நின்று சொன்னது மாதிரி. கூடத்துக்கு ஓடினேன், யாரும் இல்லை, வெளியே வண்டி உள்ளே வரும் சத்தம். அன்றைக்குப் பாயைத் தூக்கிப் பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், யாராவது செல்போனை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பரணில் ஏறித் துழாவினேன். பல்லி முட்டை இரண்டு இருந்தது.

ஜரீனா வந்ததும் கேட்டேன், கைகாட்டி இறங்கிவிட்டது என்று நீ சொல்வாயா என்று.

"அது என்னது கைகாட்டி?" என்றாள். "அந்நேரம் நான் பின்னாடி துணி தொவைச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க போயிட்டு வாரேன்னு சொல்றது மட்டும் கேக்கும். என்கிட்டச் சொல்றதா இருந்தா பின்னாடி வந்துல்ல சொல்லணும், அடுப்படியப் பாத்து யாருக்குச் சொல்றாருன்னு நெனைச்சுக்குவேன்."

"கேக்க வேண்டியதுதான?"

"நீங்க ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசுறதே அதிசயம். அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம், சாவியைக் கொடுத்துவிடுவோம் என்றேன். அவள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து கடுகுக்குப் பக்கத்திலிருந்து அந்த ஆணியை எடுத்தாள், அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடத்துச் சுவரில் நாலே தட்டில் அடித்துவிட்டாள்.

"ரயில் வருதுன்னுதான சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். நமக்கு இனிமே வேற வீடு கிடைக்காதுங்க."

அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். மூன்று மாதம் கழித்துக் கிரயம் முடிந்தது. அந்த மூன்று மாதமும் நான் பதில் சொல்லவில்லை. சத்தம் வரும், நான் இழவு வீட்டிலிருந்து எழுந்து வருவது மாதிரிப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டி வந்து யாசீன் ஓதினோம். ஓதி முடித்த மறுநாளும் ஏழு முப்பத்தைந்துக்குச் சத்தம் வந்தது.

பத்திரம் கைக்கு வந்த மறுநாள் காலை அது இரண்டு தடவை சொன்னது. முதல் தடவை சொல்லிவிட்டு, நான் எழுந்து கை கழுவுகிற வரைக்கும் விட்டு, மறுபடியும் ஒரு தடவை. இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. கூச்சப்படுகிறவனுக்கு ஒன்று தெரியும், சலாம் சொன்ன ஆளுக்குப் பதில் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று. எனக்கு அது பொறுக்கவில்லை. வாசலில் நின்று, தெரிந்தே, சத்தமாக, "போயிட்டு வாரேன்" என்று சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வண்டி சோழவந்தானுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். செல்லில் சார்ஜ் இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது எட்டேகால் இருக்கும். ஜரீனா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எங்க போயிட்டு வாரீங்க? ஏழரைக்கே வந்தீங்கள்ல?"

நான் இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டாள். அடுப்படியில் நின்றிருக்கிறாள், பக்கத்திலேயே ஒரு பொம்பளைக் குரல், "வந்துட்டாரு" என்றதாம். அதுவரைக்கும் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. டீச்சர்தான் வெளியே நின்று சொல்கிறார் என்று நினைத்துப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். வாசலில் யாரும் இல்லை. தெருவிலும் இல்லை. நான் தெருமுனைக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் ரயில் விஷயத்தில் அந்தக் குரல் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. அந்நேரம் நான் சோழவந்தானுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். அப்படியென்றால் வந்தது யார்.

அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வீட்டில் சத்தம் இல்லை. நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். கூடத்தில் அந்த ஆணியில் காலண்டர் தொங்குகிறது. கூப்பிட ஆள் இல்லாததால் மாதத்தில் இரண்டு தடவை நான் வண்டியைத் தவற விடுகிறேன். டீச்சர் மகன் வேறு வீடு வாங்கிவிட்டான். அது டீச்சர் வேலைதானோ என்று இன்னும் சில நாள் நினைப்பேன், அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைப்பேன்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் ஜரீனாவிடம் ஒன்று கேட்டேன். யாரும் இல்லை என்று தெரிந்ததும் கதவை உடனே சாத்திவிட்டாயா என்று. இல்லை, செத்த நேரம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன் என்றாள்.

"ஆளே இல்லைங்கிற, பெறகு எதுக்குத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்ன?"

அவள் யோசிக்காமல் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர நேரம் ஆகும்ல."

சொல்லிவிட்டு அவளே திரும்பி வாசலைப் பார்த்தாள்.