சிவப்பாய்த் தெரிந்த பச்சை

பக்கத்து வீட்டு டக்ளஸ் எங்கள் கூரையைக் காட்டி, "வார்ம் ஹவுஸ்" என்றார். தெருவில் எல்லாக் கூரையிலும் பனி கிடக்க, எங்கள் கூரையில் மட்டும் அது உருகிக் கறுப்பு ஓடு தெரிந்தது. எங்கள் வீட்டில் அன்பு அதிகம் என்கிறார் என நினைத்து, "தேங்க் யூ" என்றேன். அவர் விழித்தார். கூரைக்கடியில் தடுப்பு கெட்டு வெப்பம் வெளியே ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. செயற்கைக்கோள் எடுக்கும் படங்களில் வெப்பத்தையும் நிறத்தையும் படித்தே கனடாவில் பிழைத்தவன் நான். என் தலைக்கு மேலிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. அன்று இதைச் சொல்லி மனைவியோடு சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் ஒரு சிறு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே படம் பார்த்துக் கொடுத்துவந்தேன். இந்தியாவின் பயிர்க் காப்பீட்டு வேலை. மழையில் சேதம் என்று முறையிடும் கிராமங்களைப் படத்தில் பார்த்து, பயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று குறிக்க வேண்டும். போய்விட்டது என்றால் நேரில் பார்க்க ஆள் போவார். இருக்கிறது என்றால் அத்தோடு சரி. உயிருள்ள இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும். அதைத் திரையில் சிவப்பாகக் காட்டுவோம். எங்கள் தொழிலில் பச்சை என்பது சிவப்பு. வெப்பப் படத்திலோ நல்ல பயிர் பகலில் குளிர்ந்து தெரியும்.

தை மாத மழைக்குப் பிறகு வந்த படம் ஒன்றில் ஊர்ப்பெயர் இல்லை, எண் மட்டும்தான். ஆனால் வாய்க்கால் வளையும் இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர். தங்கை தனலெட்சுமி விவசாயம் பார்க்கும் நிலம் அந்த வளைவில்தான் இருக்கிறது. வயல் முழுக்கச் சிவப்பு. வெப்பப் படத்திலும் குளிர்ச்சி. நம் ஊர் தப்பித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் 'பயிர் இருக்கிறது' என்று குறித்தேன். சொந்த ஊர் என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதியையும் மீறினேன்.

தங்கை முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தாள். "நெல்லெல்லாம் படுத்துடுச்சுண்ணே. தண்ணி வடியவே மாட்டேங்குது." வருடா வருடம் இப்படி ஏதாவது சொல்லுவாள் என்று விட்டுவிட்டேன்.

மாசிக் கடைசியில் மறுபடி பேசினாள். "ஊர்ல ஒருத்தருக்கும் நஷ்டஈடு இல்லையாம்ண்ணே. மேலேருந்து பாத்தப்ப பச்சையா இருந்துச்சாம். எவனோ ஏசி ரூம்ல உக்காந்து பாத்திருக்கான். முளைச்ச நெல்லு பச்சையா இல்லாம கறுப்பாவா இருக்கும்?"

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு ஏழெட்டு வயதில் இதே போல ஒரு மழை. சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிர் ஒன்றைப் பிடுங்கி அப்பா என் கையில் வைத்தார். ஒவ்வொரு நெல்லிலிருந்தும் பச்சையாய் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. கதிரிலேயே முளைத்த நெல் அரிசிக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. "அழகா இருக்குப்பா" என்றேன். அப்பா வரப்பேறிப் போய்விட்டார். இத்தனை படிப்புக்கும் பிறகு அதே பச்சையை மறுபடி அழகு என்று பார்த்திருக்கிறேன். குளிர்ச்சி என்று நான் படித்தது, வடியாமல் நின்ற தண்ணீர்.

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆள் அனுப்பினார்கள். அதற்குள் ஊரே வயலை உழுதுவிட்டிருந்தது. மிஞ்சியது படமும் என் சொல்லும்தான். சொந்தக்காரன் என்று தெரிந்த பிறகு, நான் மாற்றிச் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. வேலையிலிருந்தும் விலக்கிவிட்டார்கள், அது நியாயம்தான்.

தங்கையிடம் சொன்னேன். "அந்த எவனோ நான்தான், தனம்."

அவள் கேட்டாள். "தண்ணிக்குள்ள நின்னு கதிரைத் தூக்கித் தூக்கிக் கட்டிக்கிட்டிருந்தேன். நான் தெரிஞ்சேனா?"

"ஆளெல்லாம் அதுல தெரியாதும்மா."

"நெல்லு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

கூரையை இன்னும் சரிசெய்யவில்லை. அதே செயற்கைக்கோள் சில நாளுக்கு ஒருமுறை இந்தத் தெருவுக்கு மேலும் போகிறது. அது வரும் காலைகளில் வெளியே போய்ப் பனியில் நிற்கிறேன். டக்ளஸ் ஜன்னல் வழியே பார்த்துக் கையசைக்கிறார். மேலேயிருந்து எடுக்கும் படத்தில் அவர் வீடும் என் வீடும் ஒரே சதுரப் புள்ளிக்குள் அடங்கிவிடும். வாய்க்கால் வளைவில் நின்ற தனத்தைப் போலவே, நானும் அதில் தெரியமாட்டேன்.