அண்ணாச்சியின் அரிசியும் அதே சட்டியில்தான்

கேட்டு வாங்கும் வேலையில் கால் வலிக்கும் முன்னே கன்னம் வலிக்கும். வாசலுக்கு வாசல் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டுமே. கோயில் கொடைக்கோ பள்ளிக்கூட விழாவுக்கோ நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் இந்நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

எங்களுடையது பிடியரிசி இயக்கம். உறுப்பினர் வீட்டுக்கு வீடு ஒரு டப்பா இருக்கும். உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். சனிக்கிழமை நான் சைக்கிளில் போய் எல்லா டப்பாவையும் ஒரே சாக்கில் கவிழ்த்துக்கொண்டு வருவேன். தினமும் காலையில் அதில் கஞ்சி காய்ச்சி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு ஊற்றுவோம்.

பிளஸ் டூ எழுதிவிட்டு, தெருவில் ஒவ்வொருத்தர் குரலிலும் பேசி வம்பு வளர்த்துக்கொண்டிருந்தவன் நான். இயக்கத்தை நடத்தும் ராயப்பன் சாரிடம் போய் அம்மா புலம்பினாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசன். "வாய் உள்ளவன்தான் கேட்கப் போகணும், அனுப்பி விடுங்க" என்றாராம். அன்றோடு போயிற்று என் லீவு.

பாதி வெந்தவர்கள்

ஒரு வீட்டில் பச்சரிசி, அடுத்த வீட்டில் புழுங்கல், அதற்கடுத்த வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் கஞ்சி எப்படி இருக்கும்? ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று அப்போதுதான் கண் விழிக்கும். ராயப்பன் சார் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, "க்ஹும்... எல்லாம் வெந்துரும்லே" என்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் அவருக்குத் தொண்டையைச் செருமியாக வேண்டும்.

மனைவியை வார்டில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருந்த சாத்தான்குளத்துப் பெரியவர் ஒருவர், முதல் வாயிலேயே எதையோ நறுக்கென்று கடித்தார். யாரோ ஒரு உறுப்பினரின் பழைய அரிசி. துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே, உங்க சங்கத்துல எல்லாருமே பாதி வெந்தவங்கதானா?"

யாரோ ஒருத்தி

டப்பாவில் பேர் எழுதக் கூடாது என்பது ராயப்பன் சார் வைத்த சட்டம். அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்தவர், காயல்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்து எங்கள் பக்கம் குடியிருக்கும் ஒரு அம்மா. கதவை அரைவாசி திறந்து டப்பாவை நீட்டுவார். உள்ளே சீரகச் சம்பா. "யாரு வீட்டுதுன்னு அங்கன சொல்லிராத வாப்பா" என்று கதவு மூடிக்கொள்ளும்.

அந்த வாரம் கஞ்சி வாசம் வராந்தா முழுக்கப் போயிற்று. நம் பெரியவர் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார். இன்றைக்காவது எங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று கரண்டியோடு நின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது: "உங்க சங்கத்துக்கு இதெல்லாம் வராதுலே. யாரோ ஒரு மகராசி கை இது."

ஏழைத்தாய்

பாத்திரக் கடை அண்ணாச்சியும் எங்கள் உறுப்பினர்தான். பிடியெல்லாம் அவருக்குச் சரிப்படாது. பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு மூட்டையாகவே இறக்கினார். கூடவே போனோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, என் கரண்டியைப் பிடுங்கி, வரிசையில் முதலில் நின்ற பெர்னதத் அக்காவின் தூக்குச்சட்டியில் ஊற்றுவது போல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பெர்னதத் அக்காவின் புருசன் படகில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். அக்காவுக்கு மாற்றி விட ஆள் கிடையாது. மூன்று வாரமாகக் காலைச் சாப்பாடு எங்கள் கஞ்சிதான். போட்டோ எடுத்த நாலாம் நாள் அண்ணாச்சி கடை வாசலில் ஆளுயர பிளெக்ஸ். கும்பிட்ட கையோடு அண்ணாச்சி, மூலையில் அக்கா, கீழே 'எங்கள் இயக்கத்தின் கஞ்சியில் பசியாறும் ஏழைத்தாய்'. அக்கா தெருக்காரர் யாரோ அதைப் படம் பிடித்து, கப்பலில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா வரிசையில் இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டேன். "எம் மவன் போன்ல அழுதான், நான் அனுப்புறது பத்தலியாம்மான்னு. உங்க கஞ்சி நல்ல கஞ்சிதான் மக்கா. ஆனா அதக் குடிக்கதுக்கு எம் மூஞ்சிய வாடகைக்கு விட முடியாது."

ராயப்பன் பேசுதேன்

ஒரு வாரம் பொறுத்தேன். ஏழு பன், அக்கா ஆள் பாதியாகிவிட்டார். எட்டாம் நாள் ராயப்பன் சார் அண்டா கழுவப் போன சமயம் அவர் போனை எடுத்தேன்.

"க்ஹும்... அண்ணாச்சி, ராயப்பன் பேசுதேன். அந்தப் போர்டை இறக்கணும்."

"ஏன் சார்? என் கடை, என் போர்டு. நான் ஒருத்தன் வச்சா இயக்கமே வச்ச மாதிரியா?"

"க்ஹும்... அப்போ அதுல 'எங்கள் இயக்கம்'னு எழுதுனது யாரு அண்ணாச்சி?"

அந்தப் பக்கம் ஏதோ எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டு அடங்கியது. "சரி, இறக்கிருதேன்" என்றார். வெற்றிக் களிப்பில் திரும்பினால், பின்னால் ராயப்பன் சார், முழங்கை வரை சாம்பலோடு. நான் ஓடத் தோதாகச் செருப்பைத் தேடினேன். அவர் திட்டவில்லை. "க்ஹும்... நான் இவ்வளவு கறாராப் பேச மாட்டேம்லே. ஆனா போன வாரமே பேசியிருக்கணும்."

ஒரு பிடி

அண்ணாச்சி இறக்கிய பிளெக்ஸை நானே போய் வாங்கி வந்தேன். அக்கா முகத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தேன். மீதி, கல் பொறுக்க அரிசி பரப்பும் விரிப்பாயிற்று. மூலையில் ஒரு சதுர ஓட்டை.

வெட்டிய துண்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா அதை நாலாகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இப்பவாவது வாங்கக்கா" என்றேன். "அந்த அண்ணாச்சி அரிசியும் அதே சட்டியிலதான கிடக்கு? எனக்கு மட்டும் பிரிச்சு ஊத்துவியா?"  அண்டா கழுவத் திரும்பி வந்தேன்.

மறுநாள், அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில் அக்கா வந்தார். குளிக்க வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்து, ஒரு பிடி அரிசியைக் கொதிக்கிற அண்டாவில் போட்டார். ராயப்பன் சார் செருமக்கூட மறந்து துடுப்போடு நின்றார். அக்கா தூக்குச்சட்டியை என் முன்னால் நீட்டினார். "இப்ப எம் பிடியும் இங்கனதான் கிடக்கு. யாரு அரிசியில யாரு பசியாறுதான்னு இனி எவனாவது போர்டு வைக்கட்டும், பாப்போம். ஊத்துலே."

கடைசியில் விழுந்த அந்தப் பிடி எங்கே வெந்திருக்கப் போகிறது, சாத்தான்குளத்துப் பெரியவர் நறுக்கென்று கடித்த கடிக்கு இயக்கம் முழுவதற்கும் சேர்த்து அன்றைக்கும் நான்தான் ஏச்சு வாங்கினேன்.